பதினைந்து நாள் பூஜ்யம்

அறுபத்தோராவது கடிதத்துக்குத்தான் 'வரலாம்' என்று பதில் வந்தது.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிய மாதத்தில் தொடங்கியது. மேலாய்வுக்கு இடம் கேட்டு எந்தப் பேராசிரியருக்கு எழுதினாலும் அதில் ஒரு வரி போட்டுவிடுவேன். வரிசை எண், தேதி, யாருக்கு, எந்த ஊர், பதில். பதில் என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். சிலர் 'இப்போது இடமில்லை' என்று எழுதுவார்கள். அதையும் நன்றியோடு தேதி போட்டுக் குறித்துக்கொள்வேன். இல்லை என்று சொல்வதற்காவது ஒருவர் உட்கார்ந்து தட்டியிருக்கிறார் அல்லவா.

நான் பவுலின். மண்ணியல் படித்தவள். அப்பா ஆசீர்வாதம் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அம்மா, உளுந்தூர்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பி மார்ட்டினோடு இருக்கிறார். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகப் பாடம் எடுக்கிறேன். காலையில் கல்லூரிப் பேருந்து, மாலையில் இரண்டு இட்லிப் பொட்டலம், அதன் பிறகு கடிதம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சு. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களுக்குப் பாடமாகப் பேசுகிறேன். பாடம் அல்லாத ஒன்றை வாய்விட்டுப் பேசி முடித்தேன் என்று சொல்ல ஒரு நாளும் அமைவதில்லை.

மேலாய்வு என்றால் என்ன என்று மார்ட்டினுக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"டாக்டர் பட்டம்தான் வாங்கிட்டியேக்கா. அதுக்கும் மேல இன்னாக்கா இருக்குது?"

"போஸ்ட் டாக்னு ஒண்ணு. ரெண்டு வருசம் ஒரு பெரிய ஆய்வகத்துல வேல செய்யணும்."

"படிப்பா, வேலயா?"

"ரெண்டும்."

"அது முடிஞ்சா?"

"அப்புறம்தான் நெலையான வேலைக்கு நம்மள ஒரு ஆளா மதிப்பாங்க."

"அப்ப இத்தினி நாளு ஒன்ன ஒரு ஆளாவே மதிக்கலயா?" என்று சிரித்தான். பிறகு அவனே சங்கடப்பட்டு, "அங்க குளிரு ஜாஸ்தியாமே. ஸ்வெட்டரு நான் வாங்கித் தரேன்" என்றான்.

'வரலாம்' என்று சொன்னது டென்மார்க்கில் ஓர் ஆய்வு நிலையம். பட்டம் வாங்கி ஏழு ஆண்டுக்குள் சேர்பவர்களுக்கு மட்டுமே அந்த உதவித்தொகை. எனக்கு ஏழாவது ஆண்டு இந்த மே மாதத்தோடு முடிகிறது. இதைவிட்டால் விண்ணப்பிக்கத் தகுதியுள்ள இடம் என்று என் நோட்டில் வேறொன்றும் பாக்கி இல்லை.

அவர்கள் என்னை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரே ஒரு நாள். அதைச் சொல்லவேண்டும்.

கல்வராயன் மலையில், கரியாலூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் சரிவில் ஒரு சாமைக் கொல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஒரு சிறிய திட்டத்தின் கீழ், அதில் இரண்டு துண்டு நிலத்தில் நான் ஆய்வு செய்தேன். ஒரு துண்டில் சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு, மற்றதில் ஒன்றுமில்லை. இரண்டின் அடியிலும் ஒரு தொட்டி. மழை பெய்தால் எவ்வளவு மண் கரைந்து தொட்டிக்கு வருகிறது என்று பார்ப்பது. கொல்லையின் மேட்டில் ஒரு மழைமானி நட்டிருந்தேன். நிலத்துக்காரர் சின்னராசு. அவர் மனைவி பாப்பாத்தி எட்டாவது படித்தவர்; எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவரைத்தான் மழையை அளந்து எழுதும் வேலைக்கு வைத்திருந்தேன். அவர்கள் வீடு கொல்லையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். செல்போன் அங்கே எடுக்காது. ஆகையால் நான் மாதம் ஒருமுறை ஏறிப்போய் நோட்டைப் பார்த்து வருவேன்.

வேலை தொடங்கிய அன்று பாப்பாத்திக்கு இரண்டு விதிகளைச் சொல்லி, நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதிக் கொடுத்தேன். ஒன்று: கண்ணால் பார்த்து அளந்ததை மட்டும் எழுதவேண்டும், யாரும் சொல்லக் கேட்டோ, உத்தேசமாகவோ எழுதக் கூடாது. இரண்டு: ஒரு நாளையும் காலியாக விடக் கூடாது.

இரண்டாவது வருடம் நவம்பரில் ஏறிப்போனபோது நோட்டில் அதைப் பார்த்தேன். அக்டோபர் பத்தொன்பது: பன்னிரண்டு மில்லிமீட்டர். இருபதிலிருந்து வரிசையாகப் பதினைந்து பூஜ்யம். நவம்பர் நான்காம் தேதி: இருநூற்றுப் பதினான்கு.

மழைக்காலத்தின் நடுவில் பதினைந்து நாள் சொட்டுக் கிடையாது. அதன் பிறகு ஒரே நாளில் இருநூற்றுப் பதினான்கு. வரப்பில்லாத துண்டின் தொட்டியில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. கல் வரப்பு இருந்த துண்டின் தொட்டியில் அதில் கால்வாசிகூட இல்லை. பருவநிலை மாறினால் இனி மழை இப்படித்தான் பெய்யும், நீண்ட வறட்சி, பிறகு ஒரே கொட்டு என்று புத்தகங்களில் படித்ததெல்லாம் என் கொல்லையில், என் நோட்டில் நடந்திருந்தது. நான் அந்தப் பக்கத்தை நான்கு முறை படம் பிடித்தேன். சமவெளியில் அந்த நாட்களில் பரவலாக மழை பெய்திருந்தது எனக்குத் தெரியும். மலையில் மழை இடத்துக்கு இடம் மாறும் என்று எழுதி அதைத் தாண்டிப் போனேன். அந்த வருடம் சாமை விளைச்சல் பாதிக்கும் கீழே. அதுவும் அந்த ஒரு நாள் மழையின் வேலை என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் போகும்போது ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிப் போனேன். "எல்லாம் உங்க எழுத்தாலதான் பாப்பாத்தி" என்று கையில் கொடுத்தேன். வாங்கி உள்ளே வைத்தார். மார்ச்சில் திட்டம் முடிந்தது. மழைமானியை எடுத்துப்போக ஆள் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. அதன் பிறகு மலை ஏறவும் இல்லை. கட்டுரை வெளிவந்தது. டென்மார்க் பேராசிரியர் படித்தார். 'உங்கள் பதினைந்து வறண்ட நாட்களையும் அந்த ஒரு நாளையும் நான் என் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்' என்று எழுதினார். அங்கே நான் செய்யவேண்டிய இரண்டாண்டு ஆய்வுக்குத் தலைப்பே 'ஒரு நாள் மழை' என்பதுதான்.

சேருவதற்கு முன்னால் அவர்கள் கேட்டவை இரண்டு: கொல்லையில் எழுதிய அசல் நோட்டின் படிகள், அளந்தவர் தான் எப்படி அளந்தார் என்று தன் மொழியில் சொல்லிக் கையெழுத்திட்ட ஒரு பக்கம். பிப்ரவரி இருபதுக்குள் அனுப்பவேண்டும்.

பதினான்காம் தேதி, சனிக்கிழமை, கச்சிராயபாளையம் வழியாக மலைப் பேருந்தில் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. எனக்குப் பக்கத்து இடம் காலி. பையை அங்கே வைத்தேன். ஏறியவர்கள் யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

பாப்பாத்தி வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை முந்தானையில் துடைத்தார். இளைத்திருந்தார்.

"வாங்க மேடம். வழி மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறக்கல பாப்பாத்தி. வேலை."

"டப்பாவ எடுத்துக்கினு போவ வந்தீங்களா?"

"எந்த டப்பா?"

"மழ டப்பாதான்."

அவர் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. இல்லை என்றதும் தணிந்தது. உள்ளே போய், மேல்தட்டிலிருந்து நான் கொடுத்த பழைய நோட்டு இரண்டையும் எடுத்து வந்தார். அதற்கடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுகள் மூன்று இருந்தன.

"இது என்ன?"

"அப்புறம் எழுதுனது. நீங்க வராத நாளுங்க."

பிரித்துப் பார்த்தேன். திட்டம் முடிந்த மறுநாளிலிருந்து நேற்று வரை, ஒரு நாள் விடாமல், காலை எட்டரை மணி அளவு. மூன்று ஆண்டு மழை. யாரும் கேட்காதது.

"எதுக்கு பாப்பாத்தி? நான்தான் முடிஞ்சிபோச்சுன்னு சொன்னேனே."

"காலைல எழுந்தா போறதுக்கு ஒரு எடம் வோணும் இல்ல மேடம்" என்றார். கிழங்கை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "வூட்டுலயே குந்திக்கினு இருந்தா செவுருதான் தெரியுது."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வெளிநாட்டில் கேட்கிறார்கள், நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் எழுத்து ஏரோப்பிளேன்ல போவுதா? அப்ப நல்ல பேனாவா குடுங்க."

முதலில் வாயால் சொல்லச் சொன்னேன். புனலைத் தூக்குவது, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றுவது, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பது, எழுதிய பிறகே கொட்டுவது. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் பிசகவில்லை. ஒரு குவளை நிரம்பினால் இருபது மில்லிமீட்டர்.

"ஒரு தடவ பத்து குவள ஊத்துனேன். பதினோராவது முக்காவாசி வந்திச்சு. கை வலி எடுத்துடுச்சு."

"தெரியும். நவம்பர் நாலு. அன்னிக்கு ராத்திரி முழுக்க கொட்டியிருக்கும் இல்ல?"

"அன்னிக்கா?" என்று நிமிர்ந்தார். "அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் இல்லயே. வானம் வெளுத்திருந்திச்சு. அதெல்லாம் முந்தின நாளுங்களுது. சேந்து கெடந்திச்சு."

"முந்தின நாள்லாம் நீங்க சைபர் போட்டிருக்கீங்களே பாப்பாத்தி."

"நான்தான் கொல்லைக்குப் போவலயே."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாப்பாத்திதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிழங்கையும் கத்தியையும் கீழே வைத்தார்.

"அவரு போயிட்டாரு இல்ல மேடம். பத்தொம்போதாம் தேதி. காலைல நான் அளந்து பன்னண்டுன்னு எழுதிட்டு வந்தேன். கரியாலூருக்குப் போறன்னு வண்டிய எடுத்துக்கினு கெளம்பினாரு. ரோடு நனைஞ்சி கெடந்திச்சு. ரெண்டாவது திருப்பத்துல வண்டி வழுக்கிக்கிச்சு."

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன்.

"எங்க வகையறாவுல, வூட்டுல ஒரு சாவு வுழுந்தா பதினாறு முடியிற வரைக்கும் அந்த வூட்டு ஆளுங்க கொல்லையில கால வைக்கக் கூடாது. டப்பா கொல்லையிலதான இருக்குது? ஆள வுட்டுப் பாக்கலாம்னா, நீங்க கண்ணால பாத்தத மட்டும்தான் எழுதணும்னு சொல்லிட்டீங்க. காலியாவும் வுடக் கூடாதுன்னீங்க. நான் அளந்தது சைபரு. அதான் எழுதுனேன். மறுநாளு போய் இருந்ததெல்லாம் அளந்தேன். ஒரு சொட்டு கீழ ஊத்தல மேடம்."

"சாமை?"

"யாரு அறுக்கறது? முத்தி நின்னுது. மழையில கொட்டிப் போச்சு."

அவர் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. அன்று நவம்பரிலும் இருந்திருக்காது, டிசம்பரிலும் இருந்திருக்காது. நான் பொட்டு வைக்காத வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பொட்டில்லாத நெற்றி எனக்கு என் அம்மாவின் நெற்றி, என் நெற்றி. அதில் ஒன்று குறைகிறது என்று என் கண்ணுக்குப் படவே இல்லை. சின்னராசு எங்கே என்றும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது நோட்டில் இருந்தது.

சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்தவள் நான்.

"ஏன் பாப்பாத்தி என்கிட்ட சொல்லல?"

"நீங்க அன்னிக்கு அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க மேடம். போட்டோலாம் எடுத்துக்கினு. எப்படிச் சொல்றது?" பிறகு, தாழ்ந்த குரலில், "நான் தப்பா எழுதிட்டனா?" என்றார்.

"இல்ல. நான் சொன்னபடிதான் எழுதியிருக்கீங்க."

"ஒங்களுக்கு எதுனா கெட்டுப் போச்சா?"

கையெழுத்துக்கென்று கொண்டுவந்த வெற்றுத் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் புத்திசாலி. அந்தத் தாளைப் பார்த்தார்.

"அந்தத் தாள்ல இன்னா வோணுமோ நீங்களே எழுதிக்கோங்க மேடம். ஒரே நாள்ல பெஞ்சிச்சுன்னு வேணும்னா அப்படியே போட்டுக்கோங்க. நான் கையெழுத்து போடறேன். இங்க வந்து யாரு கேக்கப் போறாங்க?"

அவர் அதை எனக்காகச் சொன்னார். அதில் ஒரு துளியும் கள்ளம் கிடையாது. தாள் என் மடியில் இருந்தது. பேனாவும் மூடி கழற்றியபடியே இருந்தது. எட்டு வரி போதும். பேருந்து இரண்டே முக்காலுக்கு.

எதையாவது சொல்லவேண்டுமே என்றுதான் கேட்டேன். "அந்தப் பதினைஞ்சி நாள்ல என்னிக்கெல்லாம் மழை பெஞ்சிச்சுன்னு ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்லாம?" என்றார். "மொத நாளு பொணம் வூட்டுக்கு வரும்போது தூறிக்கினு இருந்திச்சு. எடுக்கும்போது வுட்டுடுச்சு. மூணா நாளு சாயந்தரம் பெருசா புடிச்சிக்கிச்சு, ஓட்டுல கல்லுப் போடற மாதிரி. நாலா நாளும் அப்படித்தான். அன்னிக்கு எல்லாரும் போயிட்டாங்க. அஞ்சு இல்ல. ஆறு இல்ல. ஏழா நாளு விடியறப்ப கொஞ்சம்..."

விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். எட்டு, ஒன்பது, பத்து. எந்த நாள் எந்த நேரம் பிடித்தது, எப்போது விட்டது, ஓட்டில் எந்தச் சத்தம், கூரைத் தண்ணீர் குடத்தில் எவ்வளவு உயரம். வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து ஒருத்தி பதினைந்து நாள் மழையைக் கேட்டிருக்கிறாள். என் நோட்டில் அது பூஜ்யம்.

நான் பழைய நோட்டை வாங்கி, ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் பக்கத்தில், பென்சிலால், அவர் சொன்னதை எழுதினேன். 'தூறல்.' 'பெருமழை, மாலை.' 'இல்லை.' 'விடியலில் சிறிது.' அளவு கிடையாது. கட்டுரையில் சேர்க்க முடியாது. எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் என் மடியில் இருந்த தாளைப் பாப்பாத்தி எடுத்துக்கொண்டு, தரையில் வைத்து, குனிந்து எழுதத் தொடங்கியிருந்தார்.

"நடந்ததயே எழுதிடறேன் மேடம். நீங்க எழுதறதப் பாத்தா அதான் வோணும்னு தோணுது."

பேருந்தில் அதைப் படித்தேன்.

'நான் பாப்பாத்தி. எட்டாம் வகுப்பு. காலை எட்டரை மணிக்கு மழை அளப்பேன். கண்ணால் பார்த்து எழுதுவேன். என் வீட்டுக்காரர் சின்னராசு இறந்துவிட்டதால் பதினைந்து நாள் கொல்லைக்குப் போகவில்லை. அந்த நாட்களில் மழை பெய்தது. பதினாறு முடிந்த மறுநாள் எல்லாம் சேர்த்து அளந்தேன். 214. இது உண்மை.'

இறங்கிய அன்றே மார்ட்டினிடம் போனில் சொன்னேன்.

"க்கா, அத்த எதுக்கு நீயே போய் சொல்லிக்கினு? அந்த மலையில யாரு வந்து பாக்கப் போறான்?"

"யாரும் பாக்கலடா. நானும் பாக்கல. அதான் விசயம்."

"ஒரு எடத்துக்காக ஏழு வருசம் எழுதி எழுதி..." என்றவன், பாதியில் நிறுத்தி, "அம்மாகிட்ட நான் சொல்லல. நீயே சொல்லிக்கோ" என்று வைத்துவிட்டான். கோபம் இல்லை. அழுகை வந்துவிடும் என்று வைத்திருப்பான்.

ஐந்து நாள் இருந்தது. திங்கள் முதல் கல்லூரிக்குப் போனேன், பாடம் எடுத்தேன். 'மண் அரிப்பு' பாடம் வந்தது. என் கொல்லையைப் பற்றிச் சொல்லாமல் கடந்தேன். மதியம் ஓய்வறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே இருந்த இசைவாணி மேடத்திடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் தன் மகளின் பொதுத் தேர்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை மாலை வரை, பாப்பாத்தி என்னையே எழுதிக்கொள்ளச் சொன்ன அந்த எட்டு வரியையும் மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை மறைப்பதற்கில்லை. அந்த எட்டு வரியும் நன்றாகவே வந்தது. ஆனால் எழுதும் ஒவ்வொரு தடவையும் சின்னராசு உயிரோடு இருந்தார். நவம்பர் நான்காம் தேதி காலையில் அவர் மனைவி கொட்டிய மழையில் நனைந்தபடி அளந்துகொண்டிருந்தாள். சாமையை மழை அடித்துக்கொண்டு போனது. அந்த ஒரு நாள் இருக்கவேண்டுமானால் அவர் செத்திருக்கக் கூடாது.

அன்று மாலை அறுபத்திரண்டாவது கடிதத்தை எழுதினேன். பேராசிரியருக்கு. முறையாக, எண் போட்டு. ஒன்று: நவம்பர் நான்காம் தேதி அளவு ஒரு நாள் மழை அல்ல, பதினாறு நாள் மழை. இரண்டு: பதினைந்து வறண்ட நாட்கள் இருக்கவில்லை. மூன்று: விளைச்சல் குறைந்ததற்குக் காரணம் அறுவடை நடக்காதது. நான்கு: பிழை அளந்தவருடையது அல்ல, ஆய்வாளரான நான் கொடுத்த விதியினுடையது, நான் விசாரிக்கவில்லை. ஐந்து: கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். பாப்பாத்தியின் பக்கத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் இணைத்தேன். அனுப்பிவிட்டு, நீள நோட்டில் வரி போட்டேன். அதன் பிறகு இரண்டு இட்லியைத் தின்றேன்.

பதிலுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. மரியாதையான கடிதம். நேர்மைக்கு நன்றி. ஆனால் அந்த இடம் ஒரே நாள் பெருமழையைப் பற்றிய ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டது, தங்கள் தரவு இப்போது அதற்குப் பொருந்தாது, வருந்துகிறோம். வருங்காலத்துக்கு வாழ்த்து. கையெழுத்துக்கு மேலே தனியாக ஒரு வரி இருந்தது: 'திருமதி பாப்பாத்தியிடம் என் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவியுங்கள்.'

அந்த வரியைப் பலமுறை படித்தேன். கல்வராயன் மலை எந்தப் பக்கம் என்றுகூட அறியாத ஒருவர், ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, துக்கம் கேட்டிருக்கிறார். அன்று அந்த வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பென்சிலால் எழுதிய நான், ஒரு வார்த்தை துக்கம் கேட்கவில்லை.

நீள நோட்டில் அறுபத்திரண்டுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த வரியில் எண் 63. யாருக்கு: பாப்பாத்தி. ஊர்: கரியாலூர் அஞ்சல்.

தபால் ஆபீசில் இன்லேண்டு கடிதம் வாங்கி எழுதினேன். மூன்று தாளைக் கிழித்த பிறகு வந்த கடிதம் சிறியது. சின்னராசு நல்ல மனிதர், தொட்டிக்குக் குழி வெட்டிய அன்று கல்லெல்லாம் அவர் ஒருவரே புரட்டினார், எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று எழுதினேன். இத்தனை காலம் கழித்துக் கேட்பதற்கு மன்னிக்கவேண்டும் என்றும், டென்மார்க்கிலிருந்து ஒரு பேராசிரியரும் துக்கம் கேட்டிருக்கிறார் என்றும் எழுதினேன். எனக்கு இடம் கிடைக்கவில்லை, அதற்கு நீங்கள் காரணம் இல்லை என்று ஒரு வரி. மழைமானி உங்களிடமே இருக்கட்டும் என்று ஒரு வரி. கடைசியாக, நோட்டின் முதல் பக்கத்து விதியை மாற்றிக்கொள்ளச் சொன்னேன்: பார்க்க முடியாத நாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். ஏன் என்றும் எழுதுங்கள்.

மார்ச் முழுக்கப் பதில் கட்டம் காலியாக இருந்தது. பழகிய காலிதான். ஏப்ரல் கடைசியில், வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"டீச்சரு, ஒனக்கு கார்டு வந்துகீது. இன்னாமோ எல்லாம் நம்பராவே இருக்குது. லாட்டரியா?"

அஞ்சலட்டை. முத்து முத்தான எழுத்து. ஓரம்வரை நெருக்கி எழுதியிருந்தார்.

'மேடம் அவர்களுக்கு. கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கல் புரட்டியது எனக்கும் ஞாபகம். ஏப்ரல் 12: 0. 13: 0. 14: 3. 15: 0. 16: பார்க்கவில்லை, காய்ச்சல். 17: பார்க்கவில்லை, காய்ச்சல். 18: பார்க்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை. 19: 22, நான்கு நாள் சேர்த்து. இப்போது பரவாயில்லை.'

அதைப் பதில் கட்டத்தில் எழுத இடம் போதவில்லை. 'வந்தது' என்று மட்டும் எழுதினேன். எழுந்திருக்க முடியாத அன்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தது யார் என்று அட்டையில் இல்லை. அறுபத்து நான்கு என்று எண் போட்டேன்; கடிதம் போய்ச் சேர நான்கு நாளாகும் என்று தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை. கல்லூரியில் சிறப்பு வகுப்பு இருந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் மாத்திரையும் கால் கிலோ ரவையும் வாங்கிக்கொண்டு முதல் பேருந்தில் கச்சிராயபாளையம் போய், மலை வண்டிக்கு நின்றேன். பையில் நோட்டு எதுவும் இல்லை.